ஒற்றை இருக்கைத் தானுந்துப் பந்தயங்களில் தற்காலிகத் திறன் ஊக்கம்

தற்காலிகத் திறன் ஊக்கம் என்பது, பந்தயத்தின் நடுவே சில நொடிகளுக்கு மட்டும் வாகனத்திற்கு வழக்கத்தைவிடக் கூடுதல் திறனை அளிக்கும் ஏற்பாடு ஆகும். ஃபார்முலா 1, இண்டிகார், சூப்பர் ஃபார்முலா, ஃபார்முலா இ போன்ற ஒற்றை இருக்கைத் தானுந்துப் பந்தயத் தொடர்களில் இது வெவ்வேறு பெயர்களில் இடம்பெற்றுள்ளது. பெரும்பாலும் ஓட்டுநர் கைச்சக்கரத்தில் உள்ள ஒரு பொத்தானை அழுத்தி இதனைப் பெறுகிறார்.

முன்னால் செல்பவரைப் பின்னால் வருபவர் முந்துவதற்கு உதவுவதே இதன் முதன்மையான நோக்கம். ஆனால் முன்னால் செல்பவரிடமும் அதே பொத்தான் இருந்தால் அவரும் அதை அழுத்தித் தப்பிவிடலாம். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே அளவு கிடைக்கும் ஊக்கம் எவருக்கும் பயன்படுவதில்லை. ஊக்கத்தை யாருக்கு, எப்போது, என்ன விலைக்கு அளிப்பது என்ற கேள்விக்குக் கடந்த அரை நூற்றாண்டில் பந்தய அமைப்புகள் அளித்த வெவ்வேறு விடைகளே இதன் வரலாறு எனலாம்.

பின்னணி: முந்துதல் ஏன் கடினமானது?

பந்தயத் தானுந்துகளின் முன்னும் பின்னும் உள்ள இறக்கைகளும், அடித்தளத்தின் வடிவமும் வாகனத்தைத் தரையோடு அழுத்துகின்றன. இந்தக் கீழழுத்தமே வளைவுகளில் சறுக்காமல் வேகமாகத் திரும்ப உதவுகிறது. முன்னால் செல்லும் வாகனம் காற்றைக் கலைத்துவிடுவதால், நெருங்கிப் பின்தொடரும் வாகனத்தின் இறக்கைகளுக்குச் சீரான காற்று கிடைப்பதில்லை. அதன் கீழழுத்தம் குறைகிறது. சக்கரங்களின் பிடிப்பு தளர்கிறது. வளைவில் இடைவெளி கூடுகிறது. நேர்பாதையில் இதற்கு நேர்மாறாக, முன்னால் செல்லும் வாகனம் காற்றைப் பிளந்து கொடுப்பதால் பின்னால் வருபவருக்குக் காற்றுத் தடை குறைகிறது. வளைவில் இழந்ததை நேர்பாதையில் மீட்டு, அடுத்த வளைவின் பிரேக் இடத்திற்குள் முன்னால் சென்றுவிடுவதே முந்துதல்.

இதில் கூடுதல் திறன் எவ்வளவு உதவும் என்பதை எளிய கணக்கால் அறியலாம். உயர் வேகத்தில் காற்றுத் தடையை வெல்லத் தேவையான திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. ஆகவே திறனை 10 விழுக்காடு உயர்த்தினால் உச்ச வேகம் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே உயரும். மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் 310 கி.மீ. வேகத்தை எட்டும். இந்த 10 கி.மீ. வேறுபாட்டால் 8 நொடிகளில் கிடைக்கும் நெருக்கம் ஏறத்தாழ 22 மீட்டர். இது நான்கு வாகனங்களின் நீளம். ஆனால் மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் இருவருக்கும் இடையே ஒரு நொடி இடைவெளி இருந்தால் அது 83 மீட்டர் ஆகும். எனவே ஊக்கம் மட்டும் ஒருவரை முன்னால் கொண்டு சேர்க்காது. வளைவிலிருந்து நெருக்கமாக வெளிவந்தவருக்கே அது பயன்படும். வேகம் குறைவாக உள்ள வளைவின் வாயிலில், காற்றுத் தடையும் குறைவாக இருப்பதால், அதே ஊக்கம் கூடுதல் பலன் தரும். தேர்ந்த ஓட்டுநர்கள் பொத்தானை நேர்பாதையின் நடுவில் அல்லாமல் அதன் தொடக்கத்திலேயே அழுத்துவதற்கு இதுவே காரணம்.

டர்போ காலம்: எரிபொருளே விலை

பொத்தான் வருவதற்கு முன்பே ஓட்டுநரின் கைக்கு எட்டும் தூரத்தில் ஊக்கம் வந்துவிட்டது. 1977 ஆம் ஆண்டு சில்வர்ஸ்டோனில் நடந்த பிரித்தானிய கிராண்ட் பிரீயில் ரெனோ அணி 1.5 லிட்டர் டர்போ பொறியை அறிமுகப்படுத்தியது. மற்ற அணிகள் 3 லிட்டர் பொறிகளைப் பயன்படுத்திவந்த காலம் அது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1979 இல் திஷோனில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் ஷான்-பியர் ஜபூய் டர்போ பொறியின் முதல் வெற்றியைப் பெற்றார். 1983 இல் பிராபாம்-பிஎம்டபிள்யூ வாகனத்தில் நெல்சன் பிக்கே டர்போ பொறியுடன் வாகையர் பட்டம் வென்ற முதல் ஓட்டுநரானார்.

டர்போ பொறியில் காற்று அழுத்தத்தை உயர்த்தினால் திறன் உயரும். இந்த அழுத்தத்தை மாற்றும் திருகு ஓட்டுநர் இருக்கையின் அருகே பொருத்தப்பட்டது. முந்த வேண்டிய நேரத்தில் திருகைக் கூட்டுவதும், பின்னர் குறைப்பதும் ஓட்டுநரின் முடிவு. அழுத்தத்தைக் கூட்டினால் எரிபொருள் விரைவாகத் தீரும். பொறியும் சூடேறிப் பழுதாகலாம். 1984 இல் பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்புவது தடை செய்யப்பட்டு, ஒரு பந்தயத்திற்கு 220 லிட்டர் என்ற வரம்பு வந்தது. 1986 இல் அது 195 லிட்டராகக் குறைந்தது. இதனால் ஒவ்வொரு ஊக்கத்திற்கும் ஒரு விலை ஏற்பட்டது.

அந்த விலை எவ்வளவு கடுமையானது என்பதை 1985 ஆம் ஆண்டு இமோலாவில் நடந்த சான் மரினோ கிராண்ட் பிரீ காட்டியது. முதலிடத்தில் சென்ற அயர்ட்டன் சென்னாவின் வாகனத்தில் சில சுற்றுகளே எஞ்சியிருந்தபோது எரிபொருள் தீர்ந்தது. அடுத்து முதலிடத்திற்கு வந்த ஸ்டீபன் யோஹான்சனுக்கும் அதே நிலை ஏற்பட்டது. முதலில் கோட்டைக் கடந்த அலென் புரோஸ்ட்டின் வாகனம் எடை குறைவாக இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். இறுதியில் எலியோ டி ஏஞ்சலிஸ் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார்.

1987 பிரித்தானிய கிராண்ட் பிரீ இதன் மறுபக்கம். வில்லியம்ஸ்-ஹோண்டா அணியின் நைஜல் மான்செல், சக்கரங்களை மாற்றுவதற்காக நின்றதால் தன் அணித் தோழர் பிக்கேயைவிட ஏறத்தாழ அரை நிமிடம் பின்தங்கினார். இருவரிடமும் ஒரே பொறி, ஒரே அளவு எரிபொருள். மான்செல் புதிய சக்கரங்களின் பிடிப்பைப் பயன்படுத்தித் துரத்தினார். மொத்தம் 65 சுற்றுகளில் 63 ஆம் சுற்றில், ஸ்டோ வளைவுக்கு முன் ஒரு பக்கம் செல்வதுபோல் போக்குக் காட்டி மறுபக்கமாக முந்தி வென்றார். பந்தயம் முடிந்த பின் வந்த சுற்றில் அவரது வாகனம் எரிபொருள் தீர்ந்து நின்றது. இந்தக் காலத்தில் ஊக்கம் அனைவரிடமும் இருந்தது. ஆனால் அதனைச் செலவிடும் துணிவும் கணக்கும் ஓட்டுநருக்கு ஓட்டுநர் மாறின.

1988 இல் டர்போ அழுத்தம் 2.5 பார், எரிபொருள் 150 லிட்டர் என வரம்புகள் இறுகின. 1989 முதல் ஃபார்முலா 1 இல் டர்போ பொறிகள் தடை செய்யப்பட்டன.

பொத்தானின் வருகை: எண்ணிக் கொடுக்கப்பட்ட நொடிகள்

ஊக்கத்தைப் பொழுதுபோக்கின் ஒரு பகுதியாக வடிவமைத்தது வட அமெரிக்காவின் சேம்ப் கார் தொடர். 2004 இல் அது முந்துவதற்கான பொத்தானை அறிமுகப்படுத்தியது. டர்போ அழுத்தம் உயர்ந்து ஏறத்தாழ 50 குதிரைத்திறன் கூடுதலாகக் கிடைக்கும். ஒவ்வொரு ஓட்டுநருக்கும் பந்தயம் முழுவதற்கும் 60 நொடிகள் மட்டுமே அளிக்கப்பட்டன. டர்போ காலத்தில் எரிபொருள் விதித்த வரம்பை இங்கு விதிமுறையே நேரடியாக விதித்தது. தாக்குபவருக்கும் காப்பவருக்கும் ஒரே அளவு நொடிகள் கிடைத்தாலும், அவற்றை முன்கூட்டியே செலவழித்தவர் பந்தயத்தின் இறுதியில் காப்பின்றி நின்றார்.

2005 இல் தொடங்கிய ஏ1 கிராண்ட் பிரீ தொடரும் இதே வழியைப் பின்பற்றியது. நாடுகளுக்கு இடையிலான இப்போட்டியில் எல்லா அணிகளும் ஒரே வகை வாகனத்தைப் பயன்படுத்தின. அதனால் ஊக்கப் பொத்தானை வரையறுக்கப்பட்ட எண்ணிக்கையில் பயன்படுத்தும் உத்தி முக்கியத்துவம் பெற்றது. இத்தொடரில் இந்திய அணியின் முதல் வெற்றியைக் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2007 டிசம்பரில் சீனாவின் சூஹாய் நகரில் பெற்றார்.

ஜப்பானில் 2009 ஆம் ஆண்டு ஃபார்முலா நிப்பான் தொடரில் முந்துதல் ஏற்பாடு அறிமுகமானது. பின்னாளில் சூப்பர் ஃபார்முலா எனப் பெயர் மாறிய இத்தொடரில் கார்த்திகேயன் 2014 முதல் 2018 வரை பங்கேற்றார். இங்கு ஊக்கம் எரிபொருள் பாயும் வீதத்தை உயர்த்துவதன் மூலம் அளிக்கப்படுகிறது. 2019 இல் மொத்தம் 100 நொடிகள் என்ற வரம்புடன், ஒருமுறை பயன்படுத்திய பின் 100 நொடிகள் காத்திருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. இந்தக் காத்திருப்பு விதி சிறியதாகத் தோன்றினாலும் அதன் விளைவு பெரிது. முன்னால் செல்பவரைப் பொய்யாக அச்சுறுத்திப் பொத்தானை அழுத்த வைத்துவிட்டு, அவர் மீண்டும் அழுத்த முடியாத இடைவேளையில் தாக்குவது ஓர் உத்தியாக மாறியது.

கெர்ஸ்: முந்தவும் தடுக்கவும்

பிரேக் பிடிக்கும்போது வீணாகும் இயக்க ஆற்றலைச் சேமித்து மீண்டும் பயன்படுத்தும் கெர்ஸ் ஏற்பாட்டை ஃபார்முலா 1 விதிமுறைகள் 2009 இல் அனுமதித்தன. அதிகபட்சத் திறன் 60 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 80 குதிரைத்திறன். ஒரு சுற்றுக்கு 400 கிலோஜூல் ஆற்றல் மட்டுமே செலவிடலாம். முழுத் திறனில் பயன்படுத்தினால் இது சுற்றுக்கு 6.7 நொடிகள் நீடிக்கும்.

இதனைப் பயன்படுத்துவது கட்டாயம் அல்ல. பெராரி, மெக்லாரன், ரெனோ, பிஎம்டபிள்யூ சாபர் ஆகிய அணிகளே 2009 பந்தயங்களில் பயன்படுத்தின. மின்கலமும் மோட்டாரும் சேர்ந்து எடையைக் கூட்டின. எடைச் சமநிலைக்காக அணிகள் தாம் விரும்பிய இடத்தில் வைக்கும் எடைக் கட்டிகளுக்கு இடம் குறைந்தது. உடல் எடை மிகுந்த ஓட்டுநர்கள் இதனால் கூடுதலாகப் பாதிக்கப்பட்டனர். ஹங்கேரி கிராண்ட் பிரீயில் மெக்லாரன் ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டன் கெர்ஸ் பொருத்திய வாகனத்தின் முதல் வெற்றியைப் பெற்றார். எனினும் அவ்வாண்டின் இரு பட்டங்களையும் கெர்ஸ் பயன்படுத்தாத பிரான் அணியே வென்றது.

கெர்ஸின் இரட்டைத் தன்மையை 2009 ஆகஸ்டில் நடந்த பெல்ஜிய கிராண்ட் பிரீ தெளிவாகக் காட்டியது. அதுவரை ஒரு புள்ளிகூடப் பெறாத, இந்தியத் தொழிலதிபர் விஜய் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா அணியின் ஜியான்கார்லோ பிசிக்கெல்லா முதலிடத்திலிருந்து தொடங்கினார். முதல் சுற்று விபத்தினால் பாதுகாப்பு வாகனம் களமிறங்கியது. அது விலகியதும், ஸ்பா தடத்தின் மேடேறிச் செல்லும் நீண்ட கெம்மல் நேர்பாதையில் பெராரியின் கிமி ரைக்கோனன் கெர்ஸ் உதவியுடன் பிசிக்கெல்லாவை முந்தினார். அதன் பின் பந்தயம் முழுவதும் பிசிக்கெல்லா மிக நெருக்கமாகப் பின்தொடர்ந்தார். ஆனால் முந்தக்கூடிய நேர்பாதைகளில் ரைக்கோனன் ஒவ்வொரு சுற்றிலும் அதே ஊக்கத்தைப் பயன்படுத்த முடிந்தது. முடிவில் இருவருக்கும் இடையே 0.939 நொடி மட்டுமே இருந்தது. ஃபோர்ஸ் இந்தியா அணிக்கு அது முதல் மேடையேற்றம். முந்துவதை எளிதாக்க வந்த கருவி, அன்று ஒருமுறை முந்தவும் பலமுறை தடுக்கவும் பயன்பட்டது.

செலவைக் கருதி 2010 இல் கெர்ஸைப் பயன்படுத்துவதில்லை என அணிகள் ஒப்புக்கொண்டன. அவ்வாண்டின் இறுதிப் பந்தயம் அபுதாபியில் நடந்தது. புள்ளிப் பட்டியலில் முன்னிலையில் இருந்த பெர்னாண்டோ அலோன்சோ, ரெனோவின் விட்டாலி பெட்ரோவுக்குப் பின்னால் பந்தயத்தின் பெரும்பகுதியைச் சிக்கிக் கழித்தார். ஏழாவதாக முடித்த அவர் 4 புள்ளி வேறுபாட்டில் பட்டத்தை செபாஸ்டியன் வெட்டலிடம் இழந்தார். முந்த இயலாமை ஒரு பட்டத்தையே தீர்மானிக்கும் என்பதற்கு இப்பந்தயம் அடிக்கடி எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

2011 இல் வாகனத்தின் குறைந்தபட்ச எடை 640 கிலோவாக உயர்த்தப்பட்டுக் கெர்ஸ் திரும்பி வந்தது. கூடவே, பின் இறக்கையின் ஒரு பகுதியைத் திறந்து காற்றுத் தடையைக் குறைக்கும் டிஆர்எஸ் ஏற்பாடும் அறிமுகமானது. இது திறனைக் கூட்டுவதில்லை, தடையைக் குறைக்கிறது. ஆனால் முந்துதல் வரலாற்றில் இதன் விதி புதுமையானது. பந்தயத்தில், குறிப்பிட்ட இடத்தில் முன்னால் செல்பவரிடமிருந்து ஒரு நொடிக்குள் இருப்பவர் மட்டுமே இதனைப் பயன்படுத்தலாம். முன்னால் செல்பவருக்கு அந்த உரிமை இல்லை. ஸ்பாவில் வெளிப்பட்ட சிக்கலுக்கு இது நேரடி விடை. அதே வேளையில், நேர்பாதையின் நடுவிலேயே எதிர்ப்பின்றி முடிந்துவிடும் முந்துதல்கள் உண்மையான முந்துதல்களா என்ற விவாதமும் அப்போதே தொடங்கியது.

2014 இல் 1.6 லிட்டர் டர்போ பொறியுடன் 120 கிலோவாட் மின்மோட்டார் இணைந்தது. சேமிப்பிலிருந்து ஒரு சுற்றுக்கு 4 மெகாஜூல் வரை செலவிட அனுமதி கிடைத்ததால், மின்திறன் ஏறத்தாழ 33 நொடிகள் நீடித்தது. ஒவ்வொரு சுற்றிலும் எல்லோரும் பயன்படுத்தும் வழக்கமான திறனாக அது மாறியதால், ஊக்கம் என்ற தனித்தன்மை குறைந்தது. முந்துவதற்கான சுமையை டிஆர்எஸ் ஏற்பாடே தொடர்ந்து தாங்கியது.

ஃபார்முலா இ: வாக்கும் தடமும்

2014 செப்டம்பரில் பெய்ஜிங்கில் தொடங்கிய மின்வாகனப் பந்தயத் தொடரான ஃபார்முலா இ, ஊக்கத்தை வழங்கும் அதிகாரத்தைப் பார்வையாளர்களிடம் அளித்தது. ஃபேன்பூஸ்ட் எனப்பட்ட இம்முறையில் இணையவழி வாக்கெடுப்பில் முன்னிலை பெற்ற மூன்று ஓட்டுநர்களுக்கு, பின்னாளில் ஐவருக்கு, கூடுதல் ஆற்றல் அளிக்கப்பட்டது. ஏற்கெனவே புகழ்பெற்றவர்களுக்கே வாக்குகள் குவிந்தன. புதிய ஓட்டுநர்களுக்கு வாய்ப்பு அரிதாகவே கிடைத்தது. ஓட்டும் திறமைக்குத் தொடர்பில்லாத ஒன்று பந்தய முடிவைப் பாதிக்கலாம் என்ற குறை தொடக்கம் முதலே இருந்தது. 2023 இல் மூன்றாம் தலைமுறை வாகனங்கள் வந்தபோது இம்முறை கைவிடப்பட்டது.

2018-19 பருவத்தில் அறிமுகமான அட்டாக் மோட் முறை வேறு விதமானது. கூடுதல் திறனைப் பெற விரும்பும் ஓட்டுநர், வழக்கமான பந்தயத் தடத்திலிருந்து விலகி, வளைவின் வெளிப்புறத்தில் குறிக்கப்பட்ட பகுதியின் வழியே செல்ல வேண்டும். அவ்வாறு செல்லும்போது நேரம் இழக்கப்படும். சில நேரங்களில் இடமும் பறிபோகும். முதல் பருவத்தில் 200 கிலோவாட்டாக இருந்த திறன், இம்முறையில் 225 கிலோவாட்டாக உயர்ந்தது. ஓட்டுநரின் தலைக்கு மேலுள்ள பாதுகாப்பு வளையத்தில் விளக்கு எரிவதால், யார் ஊக்கத்தில் இருக்கிறார் என்பதைப் பார்வையாளர்கள் உடனே அறியலாம்.

இம்முறை எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் இலவசமானது அல்ல. மொத்த ஆற்றல் வரையறுக்கப்பட்டிருப்பதால், ஊக்கத்தில் செலவிட்டதை வேறிடத்தில் மிச்சப்படுத்தியாக வேண்டும். 2023 பிப்ரவரியில் ஐதராபாத்தில் உசேன் சாகர் ஏரிக்கரையில் நடந்த, இந்தியாவின் முதல் ஃபார்முலா இ பந்தயத்தில் ஷான்-எரிக் வெர்ன், பின்னால் நெருங்கிய நிக் காசிடியை இறுதிவரை தடுத்து வென்றார். அதன் கடைசிச் சுற்றுகளில் போட்டி, யாரிடம் எவ்வளவு ஆற்றல் எஞ்சியுள்ளது என்பதைச் சுற்றியே அமைந்தது.

இண்டிகார் 2024: விதியும் நம்பகமும்

சேம்ப் கார் 2008 இல் இண்டிகாருடன் இணைந்தது. அடுத்த ஆண்டே இண்டிகாரும் பொத்தான் முறையை ஏற்றது. பின்னாளில் இது சாலைத் தடங்களுக்கும் தெருத் தடங்களுக்கும் உரியதாயிற்று. ஏறத்தாழ 60 குதிரைத்திறன் ஊக்கத்தை, தடத்திற்கேற்ப வரையறுக்கப்பட்ட மொத்த நொடிகளுக்குள் ஓட்டுநர் பயன்படுத்தலாம். பந்தயத் தொடக்கத்திலும் மறுதொடக்கங்களிலும் பொத்தான் செயல்படக் கூடாது என்பது விதி. எல்லோரும் நெருங்கி நிற்கும் அந்த நேரத்தில் சில நொடி ஊக்கம்கூடப் பல இடங்களைத் தேடித் தரும்.

2024 மார்ச்சில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்த பந்தயத்தை பென்ஸ்கி அணியின் ஜோசப் நியூகார்டன் வென்றார். ஏப்ரலில் லாங் பீச் நகரில் பந்தயத்திற்கு முந்தைய பயிற்சியின்போது ஊக்க ஏற்பாடு எல்லா வாகனங்களிலும் செயலிழந்தது. ஆனால் பென்ஸ்கி வாகனங்களில் மட்டும் அது வேலை செய்தது. பழைய பதிவுகளை ஆராய்ந்த அமைப்பு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மறுதொடக்கங்களில் நியூகார்டனும் ஸ்காட் மெக்லாப்ளினும் ஊக்கத்தைப் பயன்படுத்தியதைக் கண்டறிந்தது. இருவரும் தகுதி நீக்கம் செய்யப்பட்டனர். ஊக்கத்தைப் பயன்படுத்தாத வில் பவருக்கு, அவரது வாகனத்திலும் அந்த வசதி இருந்ததால், 10 புள்ளிகள் குறைக்கப்பட்டன. வெற்றி பாட்டோ ஓவார்டுக்குச் சென்றது. சோதனை ஓட்டங்களுக்கான மென்பொருள் அமைப்பு தவறுதலாக நீக்கப்படாமல் இருந்தது என அணி விளக்கம் அளித்தது.

பந்தயத் தொடரின் உரிமையாளரான ரோஜர் பென்ஸ்கியே அந்த அணிக்கும் உரிமையாளர் என்பதால் இவ்விவகாரம் பெரிதும் பேசப்பட்டது. இறக்கையின் அளவை அளந்து பார்க்கலாம். எடையை நிறுத்துப் பார்க்கலாம். மென்பொருளால் திறக்கப்படும் சில நொடி ஊக்கத்தைக் கண்ணால் காண முடியாது. ஆகவே ஊக்கத்தின் அளவைப் போலவே அதனைக் கண்காணிக்கும் முறையும் விதியின் இன்றியமையாத பகுதி என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

2026 விதிமுறைகள்

ஃபார்முலா 1 இல் டிஆர்எஸ் 2025 பருவத்துடன் முடிவுக்கு வந்தது. 2026 விதிமுறைகளின்படி, நேர்பாதைகளில் இறக்கைகளைத் தாழ்த்திக் காற்றுத் தடையைக் குறைக்கும் வசதி எல்லா வாகனங்களுக்கும் பொதுவாகிறது. மின்மோட்டாரின் திறன் 120 இலிருந்து 350 கிலோவாட்டாக உயர்கிறது. முந்துவதற்கான சலுகை மீண்டும் திறனுக்கு மாற்றப்பட்டுள்ளது.

இதன்படி, வழக்கமான நிலையில் மணிக்கு 290 கி.மீ. வேகத்தைக் கடந்த பின் மின்மோட்டாரின் திறன் படிப்படியாகக் குறைக்கப்படும். முன்னால் செல்பவரிடமிருந்து ஒரு நொடிக்குள் இருப்பவருக்கு மட்டும் 337 கி.மீ. வேகம் வரை முழு 350 கிலோவாட் கிடைக்கும். கூடவே 0.5 மெகாஜூல் கூடுதல் ஆற்றலும் அளிக்கப்படும். கெர்ஸின் ஆற்றல் ஊக்கமும், டிஆர்எஸ் வகுத்த ஒரு நொடி விதியும் இதில் ஒன்றிணைகின்றன.

மதிப்பீடு

இதுவரை கையாளப்பட்ட முறைகளை நான்காகப் பகுக்கலாம். முதலாவது, எல்லோருக்கும் சம அளவில் எண்ணிக் கொடுப்பது: சேம்ப் கார், ஏ1 கிராண்ட் பிரீ, சூப்பர் ஃபார்முலா, இண்டிகார் ஆகியவை இவ்வகை. இரண்டாவது, பின்னால் வருபவருக்கு மட்டும் கொடுப்பது: டிஆர்எஸ், 2026 முறை ஆகியவை இவ்வகை. மூன்றாவது, ஒவ்வொரு பயன்பாட்டிற்கும் விலை வைப்பது: டர்போ காலத்தின் எரிபொருள் வரம்பும் ஃபார்முலா இ தொடரின் தட விலகலும் இதில் அடங்கும். நான்காவது, வெளியாரின் விருப்பப்படி கொடுப்பது: ஃபேன்பூஸ்ட் மட்டுமே இவ்வகையைச் சேர்ந்தது, அதுவே நிலைக்காமல் போனது.

பின்னால் வருபவருக்கு மட்டும் அளிக்கும் முறை முந்துதல்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. ஆனால் முன்னால் செல்பவரின் தற்காப்புத் திறமைக்கு மதிப்பைக் குறைக்கிறது. சம அளவில் அளிக்கும் முறை நியாயமானது. ஆனால் ஸ்பாவில் நிகழ்ந்ததுபோல் முந்துதலைத் தடுக்கவும் பயன்படலாம். விலை வைக்கும் முறையில் முந்துபவர் எதையேனும் இழந்தே பெறுகிறார். காப்பவருக்கும் அதே தேர்வு திறந்திருக்கிறது. 1987 சில்வர்ஸ்டோன் போன்ற பந்தயங்கள் இன்றளவும் நினைவுகூரப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்: அன்று பிக்கேயிடமும் அதே பொறி இருந்தது, அதே எரிபொருள் வரம்பு இருந்தது. முந்துவதற்கான வாய்ப்பை விதி உருவாக்கலாம். அந்த வாய்ப்பை எப்போது, எதைச் செலவிட்டுப் பயன்படுத்துவது என்ற முடிவு ஓட்டுநரிடம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதைக் கொண்டே ஒவ்வொரு முறையும் மதிப்பிடப்படுகிறது.